நான்காம் புள்ளி

மார்ச் 4, திங்கள்

டாக்டர் ஃபர்ஹானா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கை கால் மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோல் கூசுவதும் எந்நேரம் வருகிறது, எந்த விரலில், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் தினமும் குறித்து, அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம்.

"இதுக்குக் காரணம் நிறைய இருக்கும்மா. சர்க்கரை, தைராய்டு, கழுத்து எலும்பு, மணிக்கட்டுல நரம்பு நசுங்குறது, சத்துக் குறைவு, சில மாத்திரைகூட. ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும்" என்றார்.

ஃபோனில் பேசிப் பதிவு செய்தாலே போதும் என்றும் சொன்னார். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரெயிலிலேயே எழுதுகிறேன் என்றேன். பதினேழு வருஷமாக அதில்தான் பிழைக்கிறேன். திருச்சியில் ஒரு பிரெயில் அச்சகத்தில் பிழைதிருத்துவது என் வேலை. தாளில் எழும்பி நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே போய்த் தப்பைப் பிடிக்க வேண்டும். கோளாறு அதே விரல்களில்தான். ஆபீசில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

தினம் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அசைவம் உண்டா என்றார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் எல்லாம் சமைப்பார்கள் என்றேன். பொய் இல்லை. மது உண்டா என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். நாக்கை நீட்டச் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் முன்னால் நாக்கை நீட்டுவது என்னவோபோல் இருந்தது.

இன்றைய கணக்கு: ஐந்தரைக்கு எழுந்தபோது இரண்டு பாதமும் மரத்திருந்தன. மாத்திரை போட்டுக்கொண்டு கடுங்காப்பி குடித்தேன். பஸ்ஸில் வலது ஆள்காட்டி விரல் கூசியது. மதியம் ரசம் சோறு, அப்பளம். மாலை மறுபடி பாதம்.

மார்ச் 5, செவ்வாய்

மாத்திரை. கடுங்காப்பி, பன். பதினொரு மணிக்கு விரல். நான்கு மணிக்கு விரல். ரசம்.

மார்ச் 9, சனி

சூசை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சொந்தக்காரர்களின் உடம்பைத்தான் பழுது பார்க்கிறார்.

ஃபேனுக்கு நேர் கீழே படுப்பதால் வாதம் பிடித்திருக்கிறது என்றார். கட்டிலை நகர்த்தினார். பிறகு அது ஃபேன் இல்லை, தரையின் குளிர் என்றார். கட்டிலை மறுபடி பாதி தூரம் நகர்த்தினார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நல்லெண்ணெய் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று டப்பாவைத் திறந்து பார்த்து, புது அட்டை ஒன்றை உள்ளே வைத்தார். நல்ல மனிதர். நள்ளிரவில் கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முட்டிக்கொள்ளப் போவது நான்தான்.

மார்ச் 12, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு ஃபோனில் வந்தது. சர்க்கரை இல்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. ரத்தம் கொஞ்சம் குறைவு, அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கின்றன, அதை நேரில் பேசலாம் என்றார் டாக்டர். அதற்குள் நரம்புக்கு ஒரு மின் சோதனை செய்துவிடச் சொன்னார்.

சர்க்கரை இல்லை என்றதும் மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருக்கு இருக்கிறது. துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்திருப்பார்.

மார்ச் 14, வியாழன்

எங்கள் வேலை எப்படி என்று டாக்டருக்காக எழுதுகிறேன். பிழைதிருத்த இரண்டு பேர் வேண்டும். மூலப் புத்தகத்தைக் கண் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிப்பார். பிரெயில் தாளில் நான் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நிறுத்துவேன். எனக்குப் படிப்பவர் மாசிலாமணி சார். பதினேழு வருஷமும் அவர்தான். அவர் குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில் நான் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இதெல்லாம் டாக்டருக்கு எதற்கு என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

இப்போது பத்தாம் வகுப்பு அறிவியல் நடக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று ஒரு பாடத்தில் கார்பனின் அணு எண் எட்டு என்று படித்தார். என் விரலுக்கு ஆறு என்று பட்டது. பிரெயிலில் ஆறுக்கும் எட்டுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆறு என்றால் மேலே வலதுபக்கம் நான்காம் புள்ளி இருக்கும். எட்டு என்றால் அது இருக்காது, அதற்கு ஒரு படி கீழே ஐந்தாம் புள்ளி இருக்கும். மூன்று தடவை தடவினேன். முதல் தடவை ஆறு. இரண்டாம் தடவை எட்டு. மூன்றாம் தடவை ஒன்றுமே தெரியவில்லை.

போன வருஷமாக இருந்தால், சார் மறுபடி பாருங்க என்றிருப்பேன். இன்று எட்டு என்று திருத்தக் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

சார் ஒரு மாதமாக மெதுவாகப் படிக்கிறார். எனக்காகத்தானோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 20, புதன்

பாலக்கரையில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கோலைத் தட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது கடையில் பூ விற்கிற அம்மா கூப்பிட்டு, இன்னொரு செருப்பு எங்கே பாப்பா என்று கேட்டார். இடது காலில் செருப்பே இல்லை. பஸ் படியிலேயே கழன்றிருக்கிறது. அத்தனை தூரம் வெறுங்காலில் நடந்து வந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் செருப்பு வாங்கிவந்து மாட்டிவிட்டார். ஆண்கள் செருப்பு, இரண்டு அளவு பெரிது. ஆபீசில் சரக் சரக் என்று நடந்தேன். யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று மாசிலாமணி சார் எழுந்து நின்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 23, சனி

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "சூசை காகா வந்தார்" என்று விரலுக்குப் பட்டது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரெயிலில் ம என்பதில் நான்காம் புள்ளியை எடுத்துவிட்டால் க ஆகிவிடும். மாமா காகாவாகிவிட்டார். காகா கட்டிலை நகர்த்தினார். காகா கஷாயம் வைத்தார்.

வலது விரலால் முடியாமல் இடது கை மோதிர விரலால் படித்தேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். வழக்கமாக இரண்டு நிமிஷம் ஆகும்.

மார்ச் 31, ஈஸ்டர்

மாமா வீட்டில் மட்டன் பிரியாணி. நாற்பது நாள் தவக்காலம் முடிந்து எல்லோரும் ஒரு வெறியோடு உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அத்தை ரசமும் வாழைக்காயும் வைத்தார். ஐந்து வருஷமாக எனக்கு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வயிறு சரியில்லை. பாயசத்தில் பால் இருந்ததால் அதையும் தொடவில்லை.

வாசனை பிரமாதமாக இருந்தது என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும்.

ஏப்ரல் 3, புதன்

நரம்புச் சோதனை. கையில் காலில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கையைவிடக் காலில் குறைவாகத்தான் சுருக்கென்றது. வலது மணிக்கட்டில் நரம்பு லேசாக நசுங்கியிருக்கிறது, எழுத்துவேலை செய்பவர்களுக்கு வருவதுதான், ஆனால் அது காலுக்குக் காரணம் ஆகாது என்று சோதனை செய்த பெண் சொன்னாள். காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வருகின்றன. கடைசியில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மாமாவும் கூட வந்தார். டாக்டர் என் குறிப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. நீங்களே படிங்கம்மா என்றார். முதல் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மோதிர விரலால் படித்தேன். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை மாதிரி திக்கித் திக்கி வந்தது. "ஐந்தரைக்கு எழுந்தபோது இரண்டு பாதமும் கரத்திருந்தன. காத்திரை போட்டுக்கொண்டு கடுங்காப்பி குடித்தேன்."

"காத்திரைன்னா என்ன?" என்றார் டாக்டர்.

மாத்திரை, தப்பாகப் படித்துவிட்டேன் என்றேன். என்ன மாத்திரை என்று கேட்டார். அது மருந்து இல்லை, சும்மா வயிற்றுக்கு என்றேன். மாமா உடனே சட்டைப் பையில் இருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். டாக்டர் பேர் சொல்லிப் படித்துவிட்டு, இது எத்தனை நாளாக என்றார்.

ஐந்து வருஷம். தினமும் ஒன்று.

"யார் எழுதிக் கொடுத்தது?"

மாமா தொண்டையைச் செருமினார். மெடிக்கலில் கேட்டு அவர்தான் வாங்கிக் கொடுத்தது.

உங்களுக்கு வயிறு எரியுமா, நெஞ்சு கரிக்குமா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு இந்த மாத்திரை என்றார். உண்மையைச் சொன்னேன். கறி மீன் சாப்பிடாததற்கு வயிற்றைக் காரணமாகச் சொல்லியிருந்தேன். வயிறு சரியில்லை என்று மாமா மாத்திரை வாங்கித் தந்தார். போடாவிட்டால் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதனால் போட்டேன். பிறகு பழகிவிட்டது.

டாக்டர் குரலில் கோபம் இல்லை. மற்றதையும் படியுங்கள் என்றார். ஒரு மாதக் குறிப்பையும் கேட்டார். ரசம், அப்பளம், கடுங்காப்பி, பன், ஊறுகாய், ரசம். முடித்ததும், ஒரு மாதத்தில் ஒரு நாள்கூடப் பால் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லையே, அன்றைக்கு உங்கள் வீட்டில் எல்லாம் சமைப்பார்கள் என்றீர்களே என்றார். சமைப்பார்கள், நான் சாப்பிடமாட்டேன் என்றேன்.

பி12 என்று ஒரு சத்து இருக்கிறதாம். நரம்புக்கு அதுதான் உயிர். பால், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும். அவ்வளவையும் விட்டுவிட்டேன். கொஞ்சநஞ்சம் இருந்ததையும் உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை தடுத்திருக்கிறது. வயிற்றில் அமிலம் வேண்டுமாம் அதற்கு. அணுக்கள் பெரிதாக இருப்பதும், நாக்கு வழவழவென்று இருப்பதும் இதனால்தான் இருக்க வேண்டும், உறுதி செய்துகொள்ள இன்னொரு பரிசோதனை என்றார். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே இதைப் பார்ப்பாராம். நான் சொன்ன பதிலில் அவரும் ஏமாந்துவிட்டார்.

விரல் திரும்பி வருமா என்று கேட்டேன். சீக்கிரம் பிடித்திருக்கிறோம், பெரும்பாலும் வரும், ஆனால் மாதக்கணக்காகும், சத்தியம் செய்யமாட்டேன் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. அழவில்லை. மாமாதான் மூக்கை உறிஞ்சினார்.

கடைசியாக, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். வேண்டுதல் என்றேன். யாருக்காக என்றார். தெரிந்த ஒருவருக்குத் தொண்டையில் ஆபரேஷன், குரல் திரும்பணும் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன் என்றேன்.

"திரும்புச்சா?"

திரும்பியது என்றேன். நல்லா திரும்பியது.

ஏப்ரல் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியைப் பார்த்தேன். உயிர் உள்ளவரை தொடமாட்டேன் என்று வேண்டியிருந்தேன், இப்போது டாக்டர் சாப்பிடச் சொல்கிறார் என்றேன். சாமி நன்றாகச் சாப்பிடுகிறவர். அவருக்கு என் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது குரலில் தெரிந்தது. வேண்டுதலை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார்.

"தனியாச் சாப்பிடுறவங்க யாருக்காவது ஞாயித்துக்கிழமைதோறும் சோறு போடு. உன் தட்டுல என்ன இருக்கோ அதுதான் அவங்க தட்டுலயும் இருக்கணும். மாதாவுக்கு அது போதும்."

தனியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது. இருநூறுக்கு மேல் இருக்க வேண்டியது தொண்ணூற்றாறுதான் இருக்கிறது. முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு ஒன்று. மருந்து இளஞ்சிவப்பு நிறமாம். நர்ஸ் ஏதோ விசேஷம்போலச் சொன்னாள்.

அங்கிருந்து நேராக மேனேஜர் புவனேஸ்வரி மேடத்தின் அறைக்குப் போனேன். ஆறு வாரமாக என் விரலில் பாதி உணர்ச்சி இல்லை, அறிவியல் புத்தகத்தை அந்த விரலால்தான் பார்த்து அனுப்பினேன், தப்பு இருக்கும் என்றேன். நூற்றிருபது பிரதி அச்சாகி, தைத்து, அலமாரியில் இருந்தது.

மேடம் பேனாவை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அமலி" என்றார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். பதினேழு வருஷமாக உங்கள் கையெழுத்துப் போட்ட புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை தெரியுமா என்றார். அதற்குத் திட்டியிருந்தாலே பரவாயில்லை.

புத்தகத்தை மறுபடி முழுதும் பார்க்கப் போகிறார்கள். என்னைப்போலவே விரலால் பிழைதிருத்தும் பஷீர் பிரெயிலைத் தடவ, மேடமே மூலத்தைப் படிப்பார். விரல் சரியாகும்வரை நான் ஃபோன் எடுக்க வேண்டும்.

வேண்டுதல் விஷயத்தை ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

ஃபோன் எடுப்பது நன்றாகத்தான் இருக்கிறது. கோவையில் இருந்து ஒருவர் பிரெயில் நாள்காட்டி கேட்டுவிட்டு அரைமணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசினார். மருமகள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. சொல்லவில்லை.

மாசிலாமணி சார் இரண்டு தடவை மேஜைவரை வந்து திரும்பிப் போனார். அவர் நடை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 17, புதன்

மொத்தம் பதினான்கு தப்பு. முந்நூறு பக்கத்தில். மேடம் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்தார். ஐந்து என்னுடையவை, தட்டச்சில் ம இருக்க வேண்டிய இடத்தில் க விழுந்ததை நான் பிடிக்கவில்லை. "மண்வளம்" ஒரு பக்கம் முழுக்கக் "கண்வளம்" ஆகியிருந்தது. மற்ற ஒன்பதும் எண்கள். தட்டச்சில் சரியாகத்தான் வந்திருந்தன. நான்தான் சரியானதை அடித்துவிட்டுத் தப்பாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆறு எட்டாகவும், மூன்று எட்டாகவும், ஐந்து ஆறாகவும்.

அப்போது மாசிலாமணி சார் எழுந்தார்.

"அந்த ஒம்பதும் அவங்க இல்லே மேடம், நான். எனக்கு எழுத்து சரியாத் தெரியலே. ரெண்டு வருஷமாச்சு."

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் போகவில்லையாம். தலை நரைத்ததையே இன்னும் ஒப்புக்கொள்ளாத மனிதர் என்று மேடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். எண் மங்கலாகத் தெரியும்போது குத்துமதிப்பாகப் படித்துவிடுவாராம். தப்பாக இருந்தால் அமலி பிடித்துவிடுவார் என்று தைரியம். முன்னெல்லாம் பிடித்திருக்கிறேன். சார் மறுபடி பாருங்க என்று நான் சொன்னதெல்லாம் அதற்குத்தான்போல.

நான் அவரை நம்பி என் விரலைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர் என் விரலை நம்பிக் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். மேடம், உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்வது என்றார். பஷீர் முதலில் சிரித்தார். பிறகு மேடமும்.

அந்தத் தாள்களை மட்டும் புதிதாக அச்சடித்து, நூற்றிருபது புத்தகத்தையும் பிரித்துத் தைக்க வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

மூன்று நாளாக ஆபீசே நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பசை டப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள். மாசிலாமணி சார் புதுக் கண்ணாடியோடு வந்தார். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் சிரித்தோம்.

நாளைக்குச் சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். பங்குச் சாமி சொன்னது என்பதையும் சேர்த்தே சொன்னேன், தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று.

ஏப்ரல் 21, ஞாயிறு

அத்தை மீன் வாங்கிக் கழுவிக் கொடுத்தார். ஐந்து வருஷம் கழித்து மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் கை மறக்கவில்லை. மாமாவும் அழைக்காமலே வந்திருந்தார்.

மாசிலாமணி சார் மெஸ்ஸில் சாப்பிட்டே பழகியவர். மூன்றாம் தடவை சோறு கேட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா முள்ளைத் துப்பிவிட்டு, இந்தப் பெண் யாருடைய தொண்டைக்காகவோ அஞ்சு வருஷம் இதையெல்லாம் விட்டுக் கையைக் கெடுத்துக்கொண்டாள், அந்த ஆள் யாரென்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்பேன் என்றார்.

மாசிலாமணி சாருக்கு ஐந்து வருஷம் முன்னால் தொண்டையில் கட்டி எடுத்தது, மூன்று மாதம் பேச்சில்லாமல் இருந்தது, மாமாவுக்குத் தெரியாது. தட்டில் சாரின் கை நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. கை நிற்பதற்குச் சத்தம் இல்லைதான். கேட்டது.

பிறகு அவர், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க என்றார்.

மே 2, வியாழன்

புத்தகங்கள் லாரியில் ஏறிவிட்டன. நூற்றிருபதும்.

மே 10, வெள்ளி

ஊசி வாரத்துக்கு ஒன்று ஆகியிருக்கிறது. பாதம் முன்னைவிட அதிகமாகக் குத்துகிறது. பயந்து ஃபோன் செய்தேன். நரம்பு தூங்கி எழுந்திரிக்கும்போது சிலருக்கு அப்படி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெறுங்காலில் மட்டும் எங்கும் போகக் கூடாது என்று மறுபடி சொன்னார். காலை முட்டை, இரவு பால். மாத்திரை அட்டைகளை மாமா தானே வந்து எடுத்துப் போனார். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஒரு டஜன் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மே 19, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. ஊளி மீன் வறுவல். சார் வரும்போது வெண்டைக்காய் வாங்கி வந்தார். எல்லாம் முற்றல். சொல்லவில்லை.

அன்று மாமா சொன்னதைப் பற்றி அவர் இதுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 27, திங்கள்

மத்தியானம் ஃபோன் வராத நேரத்தில் பழைய தாள் ஒன்றை வலது ஆள்காட்டி விரலால் தடவினேன். "மழை" என்று இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மழைதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம்வரை வைத்திருந்தேன். ஒரு நாளாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று.

ஜூன் 10, திங்கள்

மேடம் சோதனை வைத்தார். இருபது பக்கம், வேண்டுமென்றே போட்ட பத்துத் தப்பு. பத்தையும் பிடித்தேன். பதினொன்றாவதும் ஒன்று பிடித்தேன். அது தட்டச்சில் நிஜமாகவே வந்த தப்பு. நாளை முதல் பாதி நாள் பிழைதிருத்தம், பாதி நாள் ஃபோன். கோவைக்காரர் வருத்தப்படுவார்.

மாசிலாமணி சார் புத்தகத்தைத் திறந்து முதல் வாக்கியத்தைப் படித்தார். பழைய வேகம். அந்த மூச்சு வரும் இடத்தில் நான் அடுத்த வரியில் இருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

சாப்பிட்டபின் மாமா தூங்கப் போய்விட்டார். காவேரிக் கரைவரை நடந்துவிட்டு வரலாமா என்று சார் கேட்டார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர் இன்னும் திறக்கவில்லை, மணல்தான். வெயில் தாழ்ந்திருந்தது.

படி இறங்கியதும் அவர் கேட்டார். "எனக்காகவா விட்டீங்க?"

"உங்களுக்கு இல்லே. உங்க குரலுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே அமலி."

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மூன்று மாதமும், யாருக்குப் படிக்கப் போகிறோம் என்றுதான் தினமும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதற்குமேல் பேசி அவருக்கும் பழக்கமில்லை, எனக்கும் இல்லை.

டாக்டர் சொன்னதை மீறிச் செருப்பைக் கழற்றினேன். மணல் சுட்டது. மேலே சூடு, விரல் உள்ளே போனால் ஈரம். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. பத்தடி நடந்திருப்பேன், வலது குதிகாலில் சுரீரென்று ஏறியது. ஐயோ என்று கத்திவிட்டேன். பிறகு சிரித்தேன். பிறகு மறுபடி வலித்தது.

அவர் என்னைப் படியில் உட்காரவைத்துக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். என் காலைத் தன் முழங்கால் மேல் வைத்து மணலைத் தட்டினார். கருவேல முள், சின்னதுதான் என்றார். அவர் விரல் எங்கெங்கே படுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

சின்ன முள்ளுக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.